ஓட்டம் யாருக்கு உரியது?

10,000 மீற்றர் ஓட்டம் என்பது 400 மீற்றர் நீளமுள்ள ஓடுபாதையை 25 தடவை சுற்றி வருவதாகும். கொட்டாஞ்சேனையிற் புறப்பட்டுக் கோட்டையைக் கடந்து காலி வீதி வழியே வெள்ளவத்தை வரை ஒருவர் ஓடுவாராயின் ஏறத்தாழ இதே தூரத்தை ஓடியவராவார். தூரம் ஒன்றேயாயினும் இரண்டினுக்கும் அடிப்படையான வேறுபாடொன்று உண்டு. வெள்ளவத்தைக்கு ஓடியவர் ஓரிடத்தைச் சென்றடைகிறார். அவரது ஓட்டத்தின் பயன் அவ்விடத்தை அடைந்தமையே. ஓடுபாதையில் ஓடியவரோ புறப்பட்ட கோட்டிலேயே மீண்டும் வந்து நிற்கிறார். எங்கும் செல்லாத ஓட்டத்தின் பயன் யாது? அப்பயன் யாருக்கு உரியது? ஓடியவருக்கா, அவரை அனுப்பிய நாட்டுக்கா, அவருக்குப் பணம் கொடுத்தவருக்கா, பார்த்து நின்ற கூட்டத்திற்கா? நெடுந்தூர ஓட்ட வீரர் ஒருவரின் வாழ்வை ஒழுக்கவியல் நோக்கில் ஆராய முனையும் எவரும் இவ்வினாவைத் தவிர்த்துவிட இயலாது.

இவ்வினாவுக்கு விடை தேடுவதற்கு ஒரே ஓட்டப் போட்டி போதுமானதாக அமைந்துள்ளது. 1964ஆம் ஆண்டு ஒக்ரோபர் 14ஆம் திகதி யப்பானின் ரோக்கியோ நகரில் ஒலிம்பிக் 10,000 மீற்றர் இறுதிப் போட்டி நடைபெற்றது. உலக சாதனைக்கு உரியவராயிருந்த அவுஸ்திரேலியர் றொன் கிளாக் வெல்வார் என்பதே பலரதும் எதிர்பார்ப்பு. வென்றவரோ அமெரிக்கப் பழங்குடியினரான லகோட்டா மக்களைச் சேர்ந்த பில்லி மில்ஸ். முன்பு அதிகம் அறியப்படாதவர். அவர் 28 நிமிடம் 24.4 செக்கனில் ஓடி முடித்தார். தூனிசியாவின் மொஹமட் கமூடி இரண்டாமிடத்தையும் கிளாக் மூன்றாமிடத்தையும் பெற்றனர். இறுதிச் சுற்றில் இம்மூவரும், ஏற்கனவே ஒரு சுற்றோ பல சுற்றுகளோ பின்தங்கிவிட்ட வீரர்களுக்கிடையே வழிதேடி ஓட வேண்டியிருந்தது. அவ்வாறு பின்தங்கியோருள் ஒருவர் 67ஆம் இலக்கம் அணிந்திருந்த இலங்கைப் படைவீரர் ரணதுங்க கருணானந்த.

ஏனையோர் யாவரும் ஓட்டத்தை முடித்துக்கொண்ட பின்னரும் கருணானந்தவுக்குச் சுற்றுகள் எஞ்சியிருந்தன. இடைவழியில் விலகிக்கொண்ட வீரர்களும் அப்போட்டியில் இருந்தனர். விலகியமைக்காக அவர்களை எவரும் குறை கூறவில்லை. கருணானந்தவும் விலகியிருக்கலாம். அவர் விலகவில்லை. வெறுமையான ஓடுபாதையில் அவர் தனியே ஓடிக்கொண்டிருந்தார். முதலில் அரங்கில் வியப்பும் நகைப்பொலியும் எழுந்தன. அடுத்து மௌனம் நிலவியது. இறுதியில் பல்லாயிரவர் எழுப்பிய கரவொலி அவரோடு கூடவே சுற்றி வந்தது. 34 நிமிடம் 21.2 செக்கனில், ஓட்டத்தை முடித்தோருள் 29ஆவதாக, அதாவது இறுதியாக, அவர் எல்லைக் கோட்டைக் கடந்தார். பின்னர் இந்நிகழ்ச்சி யப்பானியத் தொடக்கப் பள்ளிப் பாடநூலொன்றில் இடம்பெற்றது. 1974 டிசெம்பரில், தமது 38ஆவது வயதில், கருணானந்த நீரில் மூழ்கி இறந்தார்.

தோற்றுவிட்டமை உறுதியான பின்னரும் தொடர்ந்து ஓடியதனால் விளைந்ததென்ன? பயனை மட்டுமே அளவுகோலாகக் கொள்வோருக்கு இவ்வோட்டம் வீணான உழைப்பாகவே தோன்றும். பதக்கம் இல்லை, புள்ளி இல்லை, சாதனை இல்லை. ஆயின் இவ்வளவுகோலைச் சற்று நீட்டிப் பார்த்தால், வென்றவரின் ஓட்டமும் அதே குற்றச்சாட்டுக்கு உள்ளாவதைக் காணலாம். மில்ஸும் புறப்பட்ட இடத்திற்கே வந்து சேர்ந்தார். பேர்னாட் சூற்ஸ் என்னும் மெய்யியலாளர் 1978இல் வெளியிட்ட நூலொன்றில், விளையாட்டு என்பது மனிதர் தாமாக விரும்பித் தேவையற்ற தடைகளை ஏற்று அவற்றைக் கடக்க முயல்வதேயாகும் என விளக்கினார். தடையைத் தாமே ஏற்றுக்கொள்வதுதான் விளையாட்டின் உயிர் என்றால், ஏற்ற தடையை முழுமையாகக் கடத்தல் என்பது வென்றவருக்கும் தோற்றவருக்கும் பொதுவான ஒரு நிறைவாகும். வெற்றி என்பது பிறரோடு ஒப்பிடுகையில் எழுவது. நிறைவு என்பது ஒருவர் தாம் ஏற்ற பொறுப்போடு ஒப்பிடுகையில் எழுவது. கருணானந்த முதலாவதை இழந்தார்; இரண்டாவதை இழக்க மறுத்தார்.

பழைய கிரேக்கச் சிந்தனையிலும் இதற்கு ஓரளவு இடமுண்டு. ஒலிம்பியாவில் மாலை பெறுவோர் மிக அழகியோரோ மிக வலியோரோ அல்லர், களத்தில் இறங்கிப் போட்டியிடுவோரே என அரிஸ்ரோட்டில் தமது ஒழுக்கவியல் நூலிற் சுட்டினார். ஆற்றலை உடைமையாக வைத்திருத்தல் வேறு, அதைச் செயலிற் காட்டுதல் வேறு என்பதே அவர் கருத்து. ஆயினும் போட்டியிட்டோருள் வென்றோரையே அவர் மனங்கொண்டார். தோற்றவரின் செயலுக்கும் மதிப்பு உண்டு என்று கூறுவதற்கு ஜேர்மன் மெய்யியலாளர் கான்ற்றிடம் செல்லல் வேண்டும். நல்லெண்ணத்தின் மதிப்பு அதன் விளைவிலே தங்கியிருப்பதன்று என்பது கான்ற்றின் துணிபு. அதேவேளை, நல்லெண்ணம் என அவர் கருதியது வெறும் விருப்பத்தையன்று. இயன்ற வழிகள் யாவற்றையும் திரட்டி முயல்வதையே. இவ்வேறுபாடு மனங்கொளத்தக்கது. கருணானந்த ஓட விரும்பியவர் மட்டுமல்லர், ஓடி முடித்தவர்.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். விடாமுயற்சி தன்னளவிலே நற்பண்பாகுமா? 1912ஆம் ஆண்டு ஸ்ரொக்ஹோம் ஒலிம்பிக் மரதன் ஓட்டத்தில் போர்த்துக்கேயத் தச்சுத் தொழிலாளியான பிரான்சிஸ்கோ லாசரோ கடும் வெயிலில் மயங்கி வீழ்ந்து மறுநாள் உயிர் துறந்தார். எக்காரணம் கொண்டும் நிற்காதே என்று இளைஞருக்குப் போதிப்பது அறமாகாது என்பதற்கு இம்மரணம் சான்று. அன்றியும், நிற்பதே கடமையாகும் ஓட்டங்களும் உள. 1954இல் றொஜர் பனிஸ்ரர் 4 நிமிடத்திற்குள் ஒரு மைலை ஓடி முடித்தபோது கிறிஸ் பிராஷரும் கிறிஸ் சட்டவேயும் அவருக்கு முன்னே ஓடி வேகத்தை வகுத்துக் கொடுத்தனர். இன்று வேகம் வகுப்போர் அதற்கெனவே ஊதியம் பெறுகின்றனர். குறித்த தூரம் வரை ஓடியதும் ஓடுபாதையிலிருந்து விலகிவிடுகின்றனர். அவர்கள் ஓட்டத்தைக் கைவிட்டவர்கள் அல்லர். ஏற்ற பணியை முடித்தவர்கள். எனவே போற்றத்தக்கது வெறும் பிடிவாதமன்று. தாம் ஏற்றது எது, தம் உடல் தாங்குவது எவ்வளவு என்பவற்றை ஓடுபவர் தாமே எடைபோட்டு எடுக்கும் முடிவே போற்றத்தக்கது. அம்முடிவை வேறொருவர் அவருக்காக எடுக்கும் கணத்திலே ஓட்டத்தின் அறத்தன்மை மாறிவிடுகிறது.

அது எவ்வாறு மாறுகிறது என்பதற்கு மிகத் துயரமான சான்றும் அதே போட்டியிலேயே காணப்படுகிறது. கருணானந்த இறுதியாக வந்த அவ்வோட்டத்தில் 6ஆம் இடத்தைப் பெற்றவர் யப்பானிய வீரர் கோகிச்சி சுபுராயா. அவரும் கருணானந்தவைப் போன்று ஒரு படைவீரரே. ஒரு வாரத்தின் பின் நடைபெற்ற மரதன் ஓட்டத்தில் அவர் இரண்டாமவராக அரங்கினுள் நுழைந்தார். தம் நாட்டு மக்கள் அனைவரது கண்முன்னே, எல்லைக் கோட்டுக்குச் சற்று முன்னதாக, பிரித்தானியரான பசில் ஹீற்லி அவரை முந்திச் சென்றார். சுபுராயா பெற்றது வெண்கலப் பதக்கம். அவ்விழாவின் மெய்வல்லுநர் போட்டிகளில் யப்பான் பெற்ற ஒரே பதக்கம் அதுவே. எனினும் மக்கள் முன்னிலையில் தாம் பொறுக்கவியலாத பிழை இழைத்துவிட்டதாகவும், அடுத்து வரும் மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் அதற்கு ஈடு செய்ய வேண்டுமென்றும் அவர் கூறியதாகப் பதிவாகியுள்ளது. பயிற்சிக்கு இடையூறாகும் எனக் கருதிய மேலதிகாரியின் எதிர்ப்பால் அவரது திருமண ஏற்பாடும் தடைப்பட்டதாகக் கூறுவர். உடலும் நோய்களாலும் காயங்களாலும் தளர்ந்தது. 1967இல் அறுவைச் சிகிச்சைக்கு உள்ளானார். மெக்சிக்கோ ஒலிம்பிக்குக்கு உரிய 1968ஆம் ஆண்டு பிறந்து சில நாட்களுக்குள், 27 வயதில், சுபுராயா தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவர் விட்டுச் சென்ற கடிதத்தில் பெற்றோர்க்கும் உடன்பிறந்தோர்க்கும், அவர்கள் அளித்த உணவுகளை ஒவ்வொன்றாகக் குறித்து நன்றி கூறியிருந்தார். தாம் முற்றாகக் களைத்துவிட்டதாகவும் இனி ஓட இயலாதென்றும் எழுதியிருந்தார்.

இருவரையும் அருகருகே வைத்து நோக்குமிடத்து முரணொன்று புலப்படுகின்றது. இறுதியாக வந்தவர் நிறைவோடு திரும்பினார். உலகில் மூன்றாமவராக வந்தவர் குற்றவுணர்வோடு வாழ்ந்து மடிந்தார். ஒரே நகரின் மக்களே ஒருவருக்குக் கரவொலியையும் மற்றவருக்குப் பெருஞ்சுமையையும் கொடுத்தனர். அம்மக்கள் கொடியோர் அல்லர். சுபுராயாவையும் அவர்கள் பாராட்டவே செய்தனர். ஆயின் கருணானந்தவிடம் அவர்கள் எதையும் எதிர்பார்க்கவில்லை. அவர் அந்நியர், அவரது தோல்வி அவர்களுடைய தோல்வியன்று. ஆகையால் அவர் ஓடியதை ஒரு மனிதர் ஓடியதாகவே அவர்களாற் காண முடிந்தது. சுபுராயாவின் ஓட்டமோ நாட்டின் ஓட்டமாகிவிட்டது. அவரது கால்கள் நாட்டின் கால்களாயின. அவை பின்தங்கியபோது நாடே பின்தங்கியதாக அவர் எண்ணினார். தோற்றபின் ஏன் ஓடினீர் என்னும் கேள்விக்குக் கருணானந்த அளித்ததாகக் கூறப்படும் விடைகளுள் ஒன்று இங்கு நினைவுகூரத்தக்கது. ஊரிலே தமக்குச் சிறுமகள் உண்டென்றும், அவள் வளர்ந்ததும், தந்தை தோற்றாலும் இறுதிவரை ஓடினார் என்று அவளுக்குச் சொல்லப்போவதாகவும் அவர் கூறினாராம். தம் ஓட்டத்திற்கான கணக்கை அவர் நாட்டுக்கு ஒப்புவிக்க எண்ணவில்லை. தாம் நேசித்த ஓர் உயிருக்கே ஒப்புவிக்க எண்ணினார்.

நாடு ஒரு வீரரின் ஆற்றலைத் தனதென்று உரிமை கோருவதில் உள்ள அறச்சிக்கலை இலங்கையின் வரலாறே இன்னொரு வகையில் எடுத்துக்காட்டுகிறது. 1958இல் ரோக்கியோவிலே நடைபெற்ற ஆசிய விளையாட்டு விழாவில் யாழ்ப்பாணத்தவரான நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் உயரம் பாய்தலில் தங்கப்பதக்கம் பெற்றார். ஆசிய விளையாட்டு விழாவில் இந்நாடு பெற்ற முதலாவது தங்கப்பதக்கம் அது. அவ்விழா நடைபெற்ற அதே மே மாத இறுதியிலேதான் இந்நாட்டில் தமிழருக்கு எதிரான வன்செயல்கள் மூண்டன. கொழும்பில் வாழ்ந்த தமிழர் பலர் முகாம்களிலே தங்கவைக்கப்பட்டுப் பின்னர் கப்பலேற்றி யாழ்ப்பாணம் அனுப்பப்பட்டனர். அங்கே தேசியக் கொடி ஒரு தமிழரின் ஆற்றலால் ஏற்றப்பட, இங்கே தமிழர் தம் வீடுகளில் வாழவியலாது வெளியேறினர். வென்றவரை நம்மவர் என்று கொண்டாடும் நாடு, அவர் பிறந்த மக்களையும் நம்மவர் என்று காக்கக் கடமைப்பட்டது. அக்கடமையை ஏற்காது வெற்றியை மட்டும் ஏற்பது, விதைக்காதவர் அறுவடைக்கு வருவதை ஒத்தது. உரிமை கோரலுக்கு முன்நிபந்தனை பொறுப்பேற்றல் என்பதே இதனாற் பெறப்படுவதாகும்.

இனி, பணத்தைப் பற்றிய வினாவை நோக்கலாம். ஓட்டத்தையே தொழிலாகக் கொண்டவர் தம் ஓட்டத்தை விற்றுவிடுகிறாரா? நெடுங்காலமாக மெய்வல்லுநர் உலகம் ஆம் என்றே கருதிவந்தது. பின்லாந்தின் பாவோ நூர்மி பணம் பெற்றார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1932ஆம் ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கப்பட்டார். சுவீடனின் குண்டர் ஹேக் 1940களில் அதே காரணத்துக்காகத் தடை செய்யப்பட்டார். இத்தூய்மைக் கொள்கையின் தோற்றுவாயை ஆராய்ந்தால் அது அறத்தைவிட வர்க்க நலனையே பெரிதும் சார்ந்திருந்தமை புலனாகும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அமெச்சூர் என்னும் சொல்லுக்கு வரைவிலக்கணம் வகுத்தோர் கைத்தொழிலாளரையும் கூலியாளரையும் அதிலிருந்து விலக்கிவைத்தனர். ஓய்வு உடையோரே ஊதியமின்றி ஓட இயலும். நாட்கூலிக்கு உழைப்பவர் ஒரு நாள் ஓடினால் ஒரு நாள் உணவை இழப்பார். பழைய கிரேக்கருக்கும் இத்தகைய தூய்மை தெரியாது. ஒலிம்பியாவில் வென்ற ஆதென்சு நகரத்தவர்க்குச் சோலோனின் சட்டப்படி 500 திரக்மா வழங்கப்பட்டதாகப் புளூற்றாக் குறிப்பிட்டார்.

காலப்போக்கில் இக்கொள்கை தளர்ந்தது. 1997 முதல் உலகச் சாம்பியன் போட்டிகளில் பணப்பரிசு வழங்கப்படலாயிற்று. 2001இல் சர்வதேச மெய்வல்லுநர் சம்மேளனம் தன் பெயரிலிருந்த அமெச்சூர் என்னும் சொல்லையே நீக்கிக்கொண்டது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மெய்வல்லுநர் போட்டிகளில் தங்கம் வென்றோர்க்கு 50,000 அமெரிக்க டொலர் வழங்கப்பட்டது. இதனை வீழ்ச்சி எனக் கொள்வது பொருந்தாது. ஆசிரியர் ஊதியம் பெறுவதால் கல்வி விலைப்பொருளாகிவிடுவதில்லை. மருத்துவர் ஊதியம் பெறுவதால் நோயாளியின் மீதுள்ள பரிவு பொய்யாகிவிடுவதுமில்லை. ஊதியம் ஒருவரின் நேரத்துக்கும் உழைப்புக்கும் ஈடாகிறது. அவர் செயலின் உட்பொருளை அது வாங்கிவிடுவதில்லை. ஆபத்து ஊதியத்தில் இல்லை. ஊதியம் கொடுத்தவர், நாடாயினும் வணிக நிறுவனமாயினும், வீரரின் உடல்மீது உடைமை கோருவதிலேயே ஆபத்து உள்ளது. கிழக்கு ஜேர்மனியில் அரசே இளம் வீரர்க்கு, அவர்களுள் பலர் அறியாதவாறு, ஊக்கமருந்துகளைக் கொடுத்துவந்தது. அதற்குப் பொறுப்பாயிருந்த உயர் அலுவலர்கள் 2000ஆம் ஆண்டிலே பேர்லின் நீதிமன்றில் குற்றவாளிகளாகக் காணப்பட்டனர். அவ்வீரர்களுட் பெரும்பாலோர் பெயரளவில் அமெச்சூர்களே. ஊதியம் பெறாதவரும் பிறர் உடைமையாகலாம் என்பதை இது மெய்ப்பிக்கிறது.

எனவே சமுதாயம் ஓட்ட வீரருக்குச் செய்யவேண்டியது யாது? உடைமை கோராது உதவுதல் என்பதே சுருக்கமான விடை. கருணானந்தவின் கதையை விடாமுயற்சிக்கு உதாரணமாகப் பள்ளிகளிலே கூறுவது எளிது, அதிற் பிழையுமில்லை. ஆயின் அதே கதை சமுதாயத்தின் பொறுப்பை மறைக்கும் திரையாகவும் ஆகிவிடக்கூடும். தோற்றாலும் மனந்தளராதே என்று வீரருக்கு அறிவுரை கூறும் நாடு, அவர் தோற்காதிருக்கத் தான் செய்தது என்ன என்று தன்னைக் கேட்டுக்கொள்வதில்லை. தளராமை வீரரின் பண்பு; ஓடுபாதையும் உணவும் பயிற்றுநரும் மருத்துவமும் அளித்தல் நாட்டின் கடமை. முன்னையது பின்னையதற்கு ஈடாகாது. லூசியன் றோசா 1970ஆம் ஆண்டு பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டிலும் இந்நாட்டுக்குத் தங்கம் ஈட்டினார். அவர் பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்துப் பல்கலைக்கழகமொன்றிலே பயின்று, அங்கேயே பயிற்றுநராகவும் பணியாற்றினார். ஆற்றல் இத்தீவில் பிறந்தது. அது நிலைபெற வேறிடம் தேட வேண்டியிருந்தது.

கொட்டாஞ்சேனையை அடுத்து அமைந்த சுகததாச விளையாட்டரங்கிலே 1991இல் தெற்காசிய விளையாட்டு விழாவும் 2002இல் ஆசிய மெய்வல்லுநர் சாம்பியன் போட்டியும் நடைபெற்றன. நகரின் மறுமுனையில், வெள்ளவத்தையின் கடலோரப் பாதையில், காலையும் மாலையும் நடப்போரையும் ஓடுவோரையும் காணலாம். ஆயினும் பரீட்சைக்கு இடையூறாகும் எனக் கருதிப் பிள்ளையை ஓடுபாதையிலிருந்து மீட்டெடுக்கும் பெற்றோர் இரு பகுதிகளிலும் உளர். அவர்களைக் குறைகூறுதல் எளிது. தோற்றவருக்கு வாழ்வுக்கு உறுதியளிக்காத சமூகத்தில் அவர்களுடைய அச்சம் நியாயமானதே. பெற்றோரின் மனம் மாறவேண்டுமாயின், ஓடித் தோற்ற பிள்ளைக்கும் ஒரு வாழ்வு உண்டு என்ற நிலைமை முதலில் உருவாக வேண்டும். இந்நாட்டு வீரர் பலர் முப்படைகளில் வேலை பெற்றே ஓடிவருகின்றனர்; கருணானந்தவும் அவ்வாறே. படையிற் சேராத ஓட்டக்காரருக்கு வழி யாது என்பது இன்னும் விடை வேண்டி நிற்கும் வினா.

உலக அரங்கும் தன் வாயிலைக் குறுக்கிக்கொண்டுள்ளது. பாரிஸ் ஒலிம்பிக்கின் 10,000 மீற்றர் ஓட்டத்தில் ஆடவர் நேரடியாகத் தகுதிபெறக் குறிக்கப்பட்ட நேரம் 27 நிமிடம். இது 1964இல் மில்ஸ் வென்ற நேரத்தினும் மிகக் குறைவானது. கருணானந்தவைப் போன்ற ஒருவர் அவ்வரங்கிலே தனியே ஓடி முடிக்கும் காட்சியை இனி எதிர்பார்ப்பதற்கில்லை. திறமைக்கு எல்லை வகுத்தல் தவறன்று. போட்டி சிறப்பதற்கு அது வேண்டப்படலாம். ஆயின் சிறந்தோர் மட்டுமே ஓடும் அரங்கில், சிறத்தல் என்பதும் ஓடுதல் என்பதும் ஒன்றே என மக்கள் மயங்கிவிடுவர். அம்மயக்கம் அரங்கோடு நிற்பதில்லை. வகுப்பறையிலும் அலுவலகத்திலும் குடும்பத்திலும் முதலிடம் பெறாதவரின் உழைப்பை அது கணக்கில் எடாது விடுகிறது.

ஓட்ட வீரரிடத்து எத்தகைய உறவு பொருந்தும் என்பதை ஓர் ஓட்ட வீரரே காட்டிச் சென்றார். றொன் கிளாக் தம் காலத்தில் உலக சாதனைகள் பலவற்றை ஏற்படுத்தினார். ஒலிம்பிக்கில் அவர் வென்றது ரோக்கியோவில் பெற்ற அந்த வெண்கலம் ஒன்றே. 1966இல் அவர் பிராக் நகருக்குச் சென்றபோது, செக்கோசுலோவாக்கியாவின் பெருவீரர் எமில் சட்டோபெக், 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிலே தாம் வென்ற தங்கப்பதக்கங்களுள் ஒன்றை அவருக்குக் கொடுத்தனுப்பினார். பதக்கம் நாட்டின் சொத்து என்றோ, தம் பெயருக்குரிய சின்னம் என்றோ சட்டோபெக் எண்ணியிருப்பின் அதனைக் கொடுத்திருக்க இயலாது. அப்பதக்கம் ஓட்டத்தைக் குறிக்கும் ஓர் அடையாளம் மட்டுமே, ஓட்டம் அதனை ஓடியவரிடமே உள்ளது என்பதை அறிந்தவராதலின், அடையாளத்தை அதற்குத் தகுதியானவரிடம் கையளிக்க அவரால் முடிந்தது.

இதுகாறும் கூறியவற்றால், ஓட்டம் ஓடியவருக்கே உரியது என்பது பெறப்படும். நாடு அதிற் பெருமை கொள்ளலாம். ஆனால் தோல்வியின் பழியை ஓடியவர்மேற் சுமத்தலாகாது. பணம் கொடுப்பவர் உழைப்புக்கு ஈடு கொடுக்கலாம். உடலை விலைக்கு வாங்கலாகாது. பார்ப்போர் கரவொலி எழுப்பலாம். அக்கரவொலியோடு தம் கடன் தீர்ந்ததென்று கருதலாகாது. சுபுராயாவுக்குத் தேவைப்பட்டது இன்னொரு பதக்கமன்று, தோற்பதற்கான உரிமை. கருணானந்தவுக்கு அவ்வுரிமை அந்நிய நாட்டு மக்களிடமிருந்து தற்செயலாகக் கிடைத்தது. அது தற்செயலாகக் கிடைக்கும் கொடையாக இருத்தல் போதாது. ஓடப் புறப்படும் ஒவ்வோர் இளைஞருக்கும் தம் சொந்த மண்ணிலேயே அது உறுதியாகக் கிடைத்தல் வேண்டும்.